போன் போதும், கேமரா அப்புறம்: மல்டிமீடியா இதழியல் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மதுரையில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். மல்டிமீடியா ஜர்னலிசம் என்று ஒரு பேப்பர் இருக்கிறது, ஆனால் வகுப்பு முழுக்க வரையறை எழுதிப்போடுவதிலேயே போய்விடுகிறது. கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய் போன். நண்பர்கள் கேமரா வாங்கச் சொல்கிறார்கள். எதை முதலில் கற்றுக்கொள்வது, எவ்வளவு கற்றால் போதும், தமிழிலேயே இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமரா வாங்க வேண்டாம். குறைந்தது ஒரு வருடத்துக்கு வேண்டாம். செலவு செய்ய ஏதாவது பணம் இருந்தால் ஒரு காலர் மைக்கும் ஒரு சின்ன ட்ரைபாடும் வாங்குங்கள். மீதியை பஸ் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமரா இல்லாததால் கெட்டுப்போன மாணவர் வேலை எதையும் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை போய்விட்டு, இருபது நிமிடத்தில் திரும்பி வந்ததால் கெட்டுப்போனவை நிறைய.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு கட்டுரை எழுதி, அதே விஷயத்தை வீடியோவாகவும் எடுத்து, அதையே ஆடியோவாகவும் பேசி, நான்கு படங்களையும் சேர்த்துப்போட்டால் மல்டிமீடியா ஆகிவிடும் என்று பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாசகர் ஒரே விஷயத்தை நான்கு தடவை கேட்க வேண்டியிருக்கும். ஒரு செய்தியின் எந்தப் பகுதியை எழுத்தில் சொல்வது, எதைக் காதால் கேட்கவைப்பது, எதைக் காட்டுவது, எதை எண்ணாகவும் வரைபடமாகவும் வைப்பது என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். மற்ற திறமைகளை யூடியூப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். இந்தப் பிரிக்கும் புத்தி களத்தில் நின்றால்தான் வரும்.

தமிழில் இது புதிதும் இல்லை. பாரதியார் நடத்திய ‘இந்தியா’ வார இதழ் 1906-இல் தொடங்கியது. தலையங்கத்தோடு அரசியல் கருத்துப்படமும் சேர்ந்து வந்த இதழ் அது. தலையங்கத்தைப் படிக்க முடியாதவருக்கும் படம் புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏ.கே.செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர், வெளிநாடு போய்ப் புகைப்படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றி உலகம் முழுக்க அலைந்து சுமார் 50,000 அடி படச்சுருளைச் சேகரித்து 1940-இல் ஆவணப்படமாகக் கொடுத்தவர். பயணத்தில் பார்த்ததை எழுத்தில் சொன்னார், காந்தி நடப்பதைத் திரையில் காட்டினார். எது எங்கே சேரும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

சரி, நீங்கள் மதுரையில் இருப்பதால் உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். அந்தச் செய்தியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் தையிலும் ‘மல்லிகை விலை கிடுகிடு உயர்வு’ என்று மூன்று பத்திச் செய்தி வரும், அதோடு முடிந்துவிடும். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற பூ பொங்கல் சமயத்தில் இரண்டாயிரம், மூவாயிரத்தைத் தாண்டுகிறது. இதை நீங்கள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

விடிவதற்கு முன்னால் அங்கே போய் நில்லுங்கள். போனை எடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். முதலில் உங்களுக்குத் தட்டுப்படுவது வாசனையாக இருக்கும். அதை எந்தக் கருவியும் பதிவு செய்யாது, எழுத்தில்தான் கொண்டுவர முடியும். அடுத்தது சத்தம். விலை கூவுவது, மூட்டை இறங்குவது, தராசுத் தட்டு விழுவது, டீக்கடைப் பாய்லர். இதை எழுதி என்ன பயன்? பதினைந்து வினாடி கேட்கவைத்தால் வாசகர் மார்க்கெட்டுக்குள் வந்துவிடுவார். பூ கட்டும் பெண்ணின் விரல்கள் நாரைச் சுற்றும் வேகம் வீடியோவுக்கு உரியது, வேறு எதிலும் அது வராது. ஒரு வருடத்து விலை ஏறி இறங்கியது வரைபடத்துக்கு உரியது. குளிரில் செடி ஏன் பூக்க மறுக்கிறது, விலை உச்சத்தில் இருக்கும்போது விவசாயியிடம் விற்கப் பூ ஏன் இருப்பதில்லை, கோடையில் பூ கொட்டும்போது சென்ட் ஃபேக்டரிக்கு ஏன் மலிவாகப் போகிறது என்ற காரணகாரியம் எல்லாம் எழுத்துக்கு உரியவை. அந்த விவசாயியின் முகம் ஒரு நல்ல புகைப்படம்.

பார்த்தீர்களா, ஒரே மார்க்கெட்டில் ஐந்து விதமான வேலை இருக்கிறது. எதுவும் இன்னொன்றைத் திரும்பச் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘விலை ஏறும்போது மல்லிகை விவசாயிக்கு ஏன் லாபம் வருவதில்லை?’ சுற்றிலும் அதன் பகுதிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுத்து, ஒலி, வீடியோ, படம், எண் என்று குறியுங்கள். எதற்கும் பொருந்தாத பகுதியை விட்டுவிடலாம். இந்தத் தாள் கையில் இல்லாமல் நான் இன்றுவரை களத்துக்குப் போனதில்லை. போன பிறகு பாதி மாறிவிடும், பரவாயில்லை.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். முதலில் ஒலி. எல்லோரும் வீடியோவில் தொடங்குவார்கள். நான் மாணவர்களை முதல் மாதம் முழுக்க ஒலி மட்டும் பதிவு செய்ய வைக்கிறேன். படம் கொஞ்சம் ஆடினாலும் மங்கினாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் ஐந்தே வினாடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் கடலோரத்தில் ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தேன். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர். முக்கால் மணி நேரம் பேசினார், நடுவில் அழுதார், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸுக்கு வந்து கேட்டால் காற்று இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மைக்குக்கு மேலே மாட்டும் பஞ்சு உறை என் பையிலேயே கிடந்தது. பதிவாகும்போது இயர்போன் போட்டுக் கேட்கவும் இல்லை. திரும்பப் போனேன். அவர் மறுபடியும் பேசினார், ஆனால் அந்த முதல் நாள் பேச்சு வரவில்லை. ஒருவரை இரண்டு தடவை அழவைத்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: பதிவு ஓடும்போது காதில் இயர்போன் இருக்க வேண்டும்.

மற்றபடி ஒலியின் அடிப்படை கொஞ்சம்தான். மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். காலர் மைக் என்றால் நெஞ்சுப் பகுதியில், சேலை மடிப்போ தாலிச் சரடோ உரசாத இடத்தில் குத்த வேண்டும். பெண்களிடம் மைக்கைக் கொடுத்து அவர்களையே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வீட்டுக்குள் பேட்டி எடுத்தால் மின்விசிறியையும் டிவியையும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ரிட்ஜ் சத்தம் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகியிருக்காது. பதிவுச் செயலியில் தெரியும் ஒலி அளவுமானியில் பேச்சு மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் ஆடட்டும், உச்சம் மைனஸ் 6-ஐ தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் அதைத் தைக்க முடியாது. வீடியோவோடு சேரப்போகும் ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்வது வழக்கம்.

பேட்டி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆம்பியன்ஸ் என்போம். எடிட்டில் இரண்டு பைட்டை, அதாவது பேட்டியில் வெட்டிய பேச்சுத் துண்டுகளை, ஒட்டும்போது நடுவில் விழும் வெறுமையை அதுதான் மூடும். இதைச் செய்யாமல் வந்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்த எடிட்டர்கள் எத்தனையோ பேர்.

வீடியோவுக்கு ஒரு பழைய பயிற்சி இருக்கிறது, அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. யாராவது ஒரு வேலை செய்துகொண்டிருப்பதை ஐந்தே ஷாட்டில் எடுப்பது. பூ கட்டும் அக்காவின் விரல்கள் க்ளோஸப்பில். அவர் முகம் க்ளோஸப்பில். அவரும் அவர் உட்கார்ந்திருக்கும் இடமும் சேர்ந்த வைட். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிற மாதிரி ஒன்று. கடைசியாக நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு கோணம்: தரையோடு தரையாகவோ, கூடை இடுக்கு வழியாகவோ. ஒவ்வொன்றும் பத்து வினாடி, கையை அசைக்காமல். ஜூம் கூடாது, பக்கவாட்டில் இழுப்பதும் கூடாது. கிட்டத்தில் வேண்டுமென்றால் காலை எடுத்துவைத்துக் கிட்டப் போங்கள். இந்த ஐந்தையும் வரிசையாக ஒட்டினாலே ஒரு சின்னக் கதை நகரும். விரலைப் பார்த்தவுடன் இது யார் என்று தோன்றும், முகம் வரும். எங்கே என்று தோன்றும், வைட் வரும்.

தினமும் ஒருவரை இப்படி எடுங்கள். டீ ஆற்றுபவர், செருப்புத் தைப்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர். ஒரு மாதத்தில் உங்கள் கண் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் போனில் எடுக்கும் பலரும் கவனிக்காத ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் வீடியோவில் பட்டை பட்டையாகத் துடிக்கும், பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு ஒரு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்பதுதான் ஷட்டர் வேகம். போன் தன்னிஷ்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் துடிப்போடு அது ஒத்துப்போகாது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் நிறுத்தி, போனில் வசதி இருந்தால் வினாடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்தால் துடிப்பு அடங்கிவிடும். போனோடு வரும் கேமராவில் இந்த அமைப்பு இல்லை என்றால் ஓப்பன் கேமரா மாதிரி ஒரு இலவசச் செயலியில் பாருங்கள். விடியற்காலை மார்க்கெட் முழுக்க விளக்கு வெளிச்சம்தான், அதனால் உங்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

போனை நிமிர்த்திப் பிடிப்பதா படுக்கவைத்துப் பிடிப்பதா என்பது எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், பாதி அப்படிப் பாதி இப்படி எடுத்தால் எதற்கும் உதவாது. இன்னொன்று: 1080 அளவில் எடுக்கும் வீடியோ ஒரு நிமிடத்துக்கு சுமார் 130 எம்.பி. வரை இடம் பிடிக்கும். கிளம்பும்போதே போனைக் காலி செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்த அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள்.

பேட்டியைப் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நான் விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்வியால் வீடியோவில் எந்தப் பயனும் இல்லை. ‘விலை குறைவாக இருந்ததா?’ என்று கேட்டால் ‘ஆமா தம்பி’ என்பார், அதை வைத்து என்ன செய்வது? ‘போன சித்திரையில பூவக் கொண்டுவந்த அன்னைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கண்ணே’ என்று கேளுங்கள். அவர் பேசும்போது ‘ம்ம்’, ‘ஓ’ என்று நீங்கள் குரல் கொடுக்கக் கூடாது, உங்கள் குரலும் பதிவாகும். தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் முடித்ததும் மூன்று வினாடி சும்மா இருங்கள். நல்ல வாக்கியம் பெரும்பாலும் அந்த மூன்று வினாடிக்குப் பிறகுதான் வரும். பெயர், ஊர் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். ழகர, ளகரக் குழப்பமும் இனிஷியல் குழப்பமும் பாதி குறையும்.

எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வரும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். ‘டிவில வருமா?’ என்று கேட்பார்கள். இணையத்தில் வந்தால் அது பல வருடம் அங்கேயே இருக்கும், அவர் மகளைப் பெண் பார்க்க வருபவரும் அதைப் பார்க்கலாம் என்பதைப் புரியவையுங்கள். சில இடங்களில் சம்மதம் இருந்தாலும் காட்டக் கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், முகவரி, பள்ளி, குடும்பம் என்று அடையாளம் தெரியவரும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை, சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் தெருப் பெயரையும் காட்டுகிற வீடியோக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வாசல் ஒன்றே போதும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், கூட வேலை செய்பவர் செய்தால் தடுத்துவிடுங்கள்.

எண்களுக்கு வருகிறேன். இதழியல் மாணவர்களில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்புக்கு வந்தவர்கள். தேவைப்படுவது எட்டாம் வகுப்புக் கணக்குதான். பூ கிலோ 400 ரூபாயிலிருந்து 2400 ரூபாய் ஆனால் எத்தனை சதவீதம் உயர்வு? 600 என்று எழுதுவார்கள். உயர்ந்தது 2000 ரூபாய், அது 400-இல் ஐந்து மடங்கு, ஆக 500 சதவீதம் உயர்வு. ‘ஆறு மடங்கு ஆனது’ என்று எழுதினால் சரி, வாசகருக்கும் அதுவே எளிது. அதேபோல் ஒரு கல்லூரியில் பெண்கள் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் ஆனால் உயர்வு 10 சதவீதப் புள்ளி, 10 சதவீதம் இல்லை. இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் பாதித் தவறு போய்விடும்.

மார்க்கெட் விலையை நீங்களே ஒரு விரிதாளில் தினமும் குறித்துவாருங்கள். தேதி, கிலோ விலை, அன்று முகூர்த்தமா, மழையா, பனியா. நூறு நாளுக்கு அப்புறம் மதுரையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தகவல் தொகுப்பு உங்களிடம் இருக்கும். கூடவே சில்லறையில் முழம் என்ன விலைக்கு விற்கிறது என்பதையும் குறியுங்கள். கிலோ விலை இறங்கிய நாளில் முழத்தின் விலையும் இறங்குகிறதா என்று பாருங்கள். செய்தி அதற்குள்தான் ஒளிந்திருக்கும். வரைபடம் போட டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் இரண்டிலும் இலவசக் கணக்கே போதும், தமிழ் எழுத்தும் வரும். வரைபடத்தின் தலைப்பில் ‘மல்லிகை விலை 2025’ என்று எழுதாமல், அது என்ன சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.

அரசிடம் இருக்கும் எண் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-இல் வந்தது. நீங்கள் மாணவராக இருப்பது தடையே இல்லை, எந்தக் குடிமகனும் கேட்கலாம். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை’, ‘எப்போது’, ‘நகல் தரவும்’ என்று கேளுங்கள். உங்கள் வார்டில் கடந்த மூன்று வருடத்தில் தெருவிளக்குப் புகார் எத்தனை, சராசரியாக எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று இன்றைக்கே ஒரு மனு போட்டுவையுங்கள். படிப்பு முடிவதற்குள் ஒரு நல்ல கட்டுரை தயாராகிவிடும்.

அப்புறம் சரிபார்ப்பு. இதைத் தனி வகுப்பாக ஒதுக்கிவைக்காமல் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கலாம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகளும் அவற்றில் இருந்தன. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது, பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறிவிட்டார்கள். அந்த வீடியோக்களைப் பகிர்ந்தவர்களில் ஊடகக்காரர்களும் உண்டு. ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்திருந்தால் கடைப்பலகை எழுத்து மாதிரி ஏதாவது ஒரு தடயம் சொல்லியிருக்கலாம், இது எந்த ஊர் என்று.

ஒரு வீடியோ உங்களுக்கு வந்தால் முதலில் அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பலகை, வண்டி நம்பர் பிளேட், போலீஸ் சீருடை, பஸ்ஸின் நிறம், பேசும் வழக்கு. இரண்டு மூன்று ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடுங்கள், பழையதாக இருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இன்விட் என்ற பிரவுசர் நீட்டிப்பு வீடியோவை ஃப்ரேம்களாகப் பிரித்துத் தேட உதவும். அனுப்பியவரிடம் ‘நீங்களே எடுத்ததா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் மூலக் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் கழன்றுவிடும். இவ்வளவும் செய்தும் உறுதியாகவில்லை என்றால் வெளியிட வேண்டாம். பக்கத்து சேனல் போட்டுவிட்டது என்று அலுவலகத்தில் செய்தி டெஸ்க்கில் இருப்பவர்கள் நெருக்குவார்கள். அந்த நெருக்கடியில் நின்று ‘இன்னும் உறுதியாகலை சார்’ என்று சொல்லும் பழக்கம் மாணவராக இருக்கும்போதே வந்துவிட்டால் நல்லது.

எடிட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒலிக்கு ஆடாசிட்டி, வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ், இரண்டுமே இலவசம். பழைய கம்ப்யூட்டர் என்றால் ரிசால்வ் திணறும், அப்போது கேடென்லைவ் பாருங்கள். முதலில் பேச்சை மட்டும் வெட்டி வரிசைப்படுத்தி, கண்ணை மூடிக் கேளுங்கள். கதை புரிகிறதா? புரிந்தால் படத்தை மேலே போடுங்கள். ஒருவர் சொன்னதை வெட்டும்போது அவர் சொல்லாத அர்த்தம் வந்துவிடக் கூடாது, அது மட்டும்தான் இங்கே பெரிய விதி. சோகமான காட்சிக்கு வயலின் இசை போடாதீர்கள். மார்க்கெட்டில் பதிவு செய்த ஒலி உங்களிடம் இருக்கிறது, அது போதும். எந்த சினிமாப் பாட்டையும் எடுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தமிழிலேயே முடியுமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். முடியும். ஆனால் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இருக்கும் அளவுகள் நமக்குப் பொருந்தாது. நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை வாசிக்கலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். ‘கொண்டுவரப்பட்டிருக்கிறது’ என்பது நமக்கு ஒரே வார்த்தை. உங்கள் ஸ்க்ரிப்ட்டை நீங்களே வாசித்து, போனில் நேரம் பார்த்து உங்கள் கணக்கைக் கண்டுபிடியுங்கள். சப்டைட்டிலிலும் இதே சிக்கல். நிமிர்ந்த வீடியோவில் அந்த ஒரு வார்த்தையே ஒரு வரியைத் தின்றுவிடும். அதனால் வாய்ஸ் ஓவருக்கும் சப்டைட்டிலுக்கும் எழுதும்போது சின்ன வினைகளைத் தேடுங்கள். ‘கொண்டுவரப்பட்டிருக்கிறது’ என்பதை ‘வந்திருக்கிறது’ என்று எழுதலாம். ‘நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்று வந்தால் யார் என்ன செய்தார் என்று கேட்டு அதை எழுதுங்கள்.

பேசுகிறவரின் வழக்கை மாற்றாதீர்கள். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் ‘செடில பூவே இல்லயே, வெல இருந்து என்னத்துக்கு?’ என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சப்டைட்டிலில் அதை ‘செடியில் பூக்கள் இல்லாத நிலையில் விலை இருந்து பயனில்லை’ என்று போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்த மனிதரை நாம் அங்கே காணாமல் செய்துவிடுகிறோம். அவர் சொன்னபடியே எழுதுங்கள், தமிழ் வாசகருக்குப் புரியும். புகைப்படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பிலும் கவனம் வேண்டும். ‘பூ விற்கும் பெண்’ என்பது குறிப்பு ஆகாது, படத்திலேயே அது தெரிகிறது. அவர் பெயர், எங்கே, எப்போது, படத்தில் தெரியாத ஒரு விவரம், இவ்வளவும் வர வேண்டும்.

வகுப்புக்கு வெளியே கற்க இடங்கள் இருக்கின்றன. சமுதாய வானொலி ஒலிக்கு மிக நல்ல பள்ளிக்கூடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அது. இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இப்படி நிலையங்கள் உண்டு, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பி.சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ இணையக் காப்பகத்தைத் தினமும் படியுங்கள். தமிழிலும் வருகிறது. எழுத்து, படம், ஒலி, வீடியோ நான்கையும் கிராமத்து வாழ்க்கைக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். மாணவர்களின் பதிவுகளையும் வெளியிடுகிறார்கள். விகடன் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் உங்கள் ஊர் ஸ்ட்ரிங்கர், அதாவது பகுதிநேரச் செய்தியாளர், ஒருவரோடு ஒரு வாரம் பைக்கில் சுற்றுங்கள். கலெக்டர் ஆபீஸில் எந்த அறையில் எந்த ஃபைல் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

எவ்வளவு கற்றால் போதும் என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு செய்தியை எடுத்து முடியுங்கள். பத்து செய்தி வேண்டாம். அந்த ஒன்றுக்காகப் பத்து தடவை போங்கள். எழுத்து 800 வார்த்தை, வீடியோ இரண்டு நிமிடம், ஒலி ஒரு நிமிடம், படம் ஆறு, வரைபடம் ஒன்று. அதற்கு மேல் போகாதீர்கள். முடித்ததும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போய், அந்தப் பூ கட்டும் அக்காவிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரர்களும் கூடுவார்கள். எங்கே ‘அப்படி இல்லையே’ என்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்து, அந்த இடத்தைத் திருத்துங்கள்.